வயிறுள்ள ஓநாய்

கணினி விளையாட்டில் வருகிற ஓநாய்க்கு முதலில் ஒரு வயிறு வேண்டும். கோபம், கொலைவெறி, மினுக்குகிற சிவப்புக் கண் எல்லாம் அப்புறம். ரிம்வேர்ல்டு விளையாட ஆரம்பித்ததிலிருந்து இதைத்தான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில், அச்சிலிருந்து பொம்மையைப் பிரித்துக் காயவைத்துவிட்டு டீ குடிக்க வருகிறவர்களுக்கு என் ஓநாய்க் கதை மனப்பாடம். ஒன்றிரண்டு பேர் தொல்லை தாங்காமல் வாங்கியே விட்டார்கள். இப்போது ராத்தூக்கம் போச்சென்று என்னைத்தான் திட்டுகிறார்கள்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: விண்கலம் உடைந்து, முன்பின் தெரியாத கோளில் மூன்று பேர் வந்து விழுகிறார்கள். அவர்களை வைத்து நெல் போட்டு, வீடு கட்டி, கொள்ளைக்காரர்களைச் சமாளித்து, ஒரு குடியிருப்பை நிலைநிறுத்த வேண்டும். டைனன் சில்வெஸ்டரும் அவருடைய லூடியான் ஸ்டுடியோஸும் 2013-இல் ஆதரவாளர்களிடம் காசு திரட்டித் தொடங்கி, 2018 அக்டோபரில் முழுப் பதிப்பாக வெளியிட்டார்கள். படம் சுமார்தான். ஆட்களுக்குக் கையும் காலும்கூட வரைந்திருக்க மாட்டார்கள். மண்ணைச் சுட்டு ஒரு சட்டி செய்யக்கூட வழியில்லை. எங்கள் ஊர்க்காரனுக்கு இது பெரிய குறை. ஆனால் அந்த மிருகங்கள் இருக்கிறதே!

மற்ற விளையாட்டுகளில் ஓநாய் என்றால் உங்களைக் கண்டதும் ஓடிவரும், நாலு அடி வாங்கும், தோலைப் போட்டுவிட்டுச் சாகும். அது எதற்கு வந்தது, நேற்று என்ன தின்றது என்று கேட்க ஆளில்லை. ரிம்வேர்ல்டில் அது தன் பாட்டுக்குத் திரிகிறது. அதன் மேல் சொடுக்கினால் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று கீழே ஒரு வரி வரும்: சுற்றுகிறது, தூங்குகிறது, முயலை வேட்டையாடுகிறது. பசித்தால்தான் வேட்டை. தன்னால் சமாளிக்க முடியாத பெரிய மிருகத்தின் பக்கம் போகாது. கிட்டே இருப்பதையும் அடிபட்டுக் கிடப்பதையும் முதலில் பார்க்கும். மனிதனைத் தின்னத் தடையில்லை. ஆனால் அவன் அதன் கணக்கில் பின்வரிசை. வேலிக்குள் இருக்கிற ஆட்டுக்கும் ஓரளவு சலுகை உண்டு. இதையெல்லாம் உட்கார்ந்து கணக்குப் போட்டு எழுதிய ஆளை நேரில் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவேன்.

இந்தக் கணக்கிலிருந்து கதை எப்படி முளைக்கிறது என்று பாருங்கள். குளிர்க்காட்டில் ஒரு குடியிருப்பு போட்டிருந்தேன். பெயர், வேறென்ன, எங்கள் ஊரின் பழம்பெயர்தான்: முதுகுன்றம். பனி இறங்கியது. அந்த வட்டாரத்து முயல்களை என் ஆட்களே சுட்டுத் தின்று தீர்த்திருந்தார்கள். ஓநாய் ஒன்று காட்டோரமாகவே சுற்றிக்கொண்டிருந்தது. நான் அதைப் பொருட்படுத்தவில்லை. கொள்ளையில் காலில் குண்டடி பட்ட கிழவர் ஒருவர், கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொண்டு விறகுக்குப் போனார். வலது ஓரத்தில் சிவப்புக் கடிதம் விழுந்தது: ஓநாய் இவரை வேட்டையாடுகிறது. அவர் பேரைப் போட்டு! ஆட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். சமையல்கட்டிலிருந்த பெண் கையில் துப்பாக்கி கொடுத்து வாசலுக்கு ஓட்டினேன். ஒரு குண்டு பனியில், ஒரு குண்டு மரத்தில். ஓநாய் அவர் மேல் பாய்ந்து உருண்ட பிறகுதான் அடுத்த குண்டு பட்டது. கிழவர் பிழைத்தார், இரண்டு விரலைக் கொடுத்துவிட்டு. அந்தக் கதையை எந்தக் கதாசிரியரும் எழுதவில்லை. முயல் தீர்ந்தது, ஒருவர் நொண்டினார், ஒன்றுக்குப் பசித்தது. அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொண்டால் தந்திரமும் பிடிபடும். செத்த கொள்ளைக்காரர்களைப் புதைக்காமல் வரைபடத்தின் ஓரத்தில் போட்டு வைத்தால், ஊனுண்ணிகள் அங்கேயே தின்று அங்கேயே தூங்கும். ஆட்டுப்பட்டிப் பக்கம் வருவது குறையும். அசிங்கம்தான், ஆனால் நிஜத்துக்கு ரொம்பப் பக்கம். மகாராஷ்டிரத்தின் அகோலே பகுதியில் கரும்புக் காட்டுக்குள் வாழும் சிறுத்தைகளின் எச்சத்தை வித்யா ஆத்ரேயாவும் கூட்டாளிகளும் ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டார்கள். அவை தின்ற இறைச்சியின் எடையில் 39 சதவீதம் நாய். ஊரில் தெருநாய் இருக்கும்வரை சிறுத்தைக்குச் சோற்றுக்குப் பஞ்சமில்லை.

வெறிபிடித்த மிருகக் கூட்டம் வந்து குடியிருப்பை முற்றுகையிடுகிற நிகழ்ச்சியும் உண்டு. அணில்கூட அப்படி வரும், சிரித்துக்கொண்டே சாவோம். அதற்கும் ஒரு நோயைக் காரணமாக வைத்திருக்கிறார்கள் என்பதால் மன்னித்துவிடுகிறேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இந்த மிருகங்களுக்குப் பசி இருக்கிறது, பயம் இல்லை. வேட்டையில் இறங்கிவிட்டால், குண்டு பட்டாலும் ஓநாய் திரும்பி ஓடாது. தீப்பந்தத்தை மதிக்காது. எங்கள் ஆயா வீடு முந்திரித் தோப்பையொட்டி. அங்கே கோழிக்கு எமன் கீரியும் மரநாயும், எப்போதாவது நரி. ஆயா ராத்திரி எழுந்து வந்து, அலுமினியத் தட்டை ரெண்டு தட்டு தட்டி, “எவடா அவன்?” என்று ஒரு சத்தம் போடும். தோப்புக்குள் சருகு சலசலக்கும், நரி போய்விடும். போகும், ஆனால் மறுநாளும் எட்டிப்பார்க்கும். எது வரைக்கும் போகலாம், இந்த வீட்டில் எத்தனை மணிக்கு விளக்கணைகிறது என்று அது ஒரு கணக்கு வைத்திருக்கும். அந்தத் திருட்டுக் கணக்குதான் எனக்கு விளையாட்டில் வேண்டும்.

செந்நாயை எடுத்துக்கொள்ளுங்கள். நாங்குநேரிக்காரரான ஏ.ஜே.டி. ஜான்சிங் 1976 முதல் 1978 வரை பந்திப்பூரில் அவற்றின் பின்னாலேயே நடந்து ஆராய்ந்தவர். கூட்டமாக வரும், சீழ்க்கையடித்து ஒன்றையொன்று கூப்பிடும், புள்ளிமானைப் பிரித்துத் துரத்தும்; மனிதனைக் கண்டால் ஒதுங்கிப் போகும். ரிம்வேர்ல்டில் ஓநாய்கள் கூட்டமாக வந்தாலும் வேட்டை தனித்தனிதான். சீழ்க்கைச் சத்தம் முதலில் கேட்டு, மான்கள் என் நெல்வயலுக்குள் தெறித்து ஓடி, கடைசியில் செந்நாய்கள் தெரிய வந்தால்! யாருக்கும் ஒரு கீறலும் விழாது, பயிர் மட்டும் நாசமாகும். அப்படி ஒரு நாளை நினைத்தாலே எனக்குக் கை பரபரக்கிறது.

மசினகுடிப் பக்கம் டி23 என்ற வயதான புலியை 2021-இல் வாரக்கணக்கில் தேடினார்களே, அதுவும் ஒரு முழு ஆட்டத்துக்குப் போதும். 4 பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட புலி. சுடலாமா என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், கொல்ல வேண்டாம் என்றாகி, கும்கி யானையும் ட்ரோனும் இறக்கி, அக்டோபர் 15 அன்று மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்து மைசூருக்கு அனுப்பினார்கள். ‘சுடு’ என்று ஒரு பொத்தான் மட்டும் இருக்கும் விளையாட்டில் இந்தக் கதை வராது. பிடித்து வேறு காட்டில் விட்டால் என்ன ஆகும் என்பதையும் சேர்க்கலாம். புணே மாவட்டம் ஜுன்னரில் சிறுத்தைகளை அப்படிப் பிடித்து இடம் மாற்றிய பிறகு மனிதர் மேல் தாக்குதல் கூடியதாக ஆத்ரேயா குழு 2011-இல் எழுதியது. ஊர் தெரிந்த கிழட்டுச் சிறுத்தையைத் தூக்கிய இடத்தில், ஊர் தெரியாத இளசு வந்து உட்கார்ந்தால் எப்படியிருக்கும்? எழுதும்போதே எனக்கு விளையாடத் தோன்றுகிறது.

அதுவரைக்கும் இருப்பதே பெருவிருந்து. புதிதாகத் தொடங்குகிறவர்கள் குளிர்க்காட்டையே எடுங்கள். எந்த நிகழ்ச்சி எப்போது வரும் என்று முடிவு செய்கிற கதைசொல்லிகளில் ராண்டியை இப்போதைக்கு விடுங்கள், அவன் கிறுக்கன்; ஃபீபி போதும். ஆட்டுப்பட்டியைத் துப்பாக்கிக்காரரின் படுக்கையறைக்குப் பக்கத்திலேயே போடுங்கள். முயலைத் தீர்த்துவிடாதீர்கள். ஓநாய் வந்தால் உடனே சுடாமல், வேகத்தைக் குறைத்து, அது தின்று முடித்துச் சுருண்டு படுக்கிற வரைக்கும் பாருங்கள். பார்த்துவிட்டுத் தொழிற்பேட்டைப் பக்கம் வாருங்கள், டீ என் கணக்கு.