எந்த மரத்தின் நிழல்?

பிரேசிலின் காபித் தோட்டங்கள் பெரும்பாலும் வெட்டவெளியில் நிற்கின்றன. குடகிலும் சிக்கமகளூரிலும் ஏற்காட்டிலும் காபி மரநிழலில் வளர்கிறது. இந்தியக் காபி சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று சொல்பவர்கள் முதலில் காட்டுவது இந்த நிழலைத்தான்.

அந்தப் பெருமையில் உண்மை உண்டு. அராபிகா காபி வகையின் பெரும்பகை வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு. வெயில் படும் தண்டின் பட்டை வெடிப்புகளில்தான் அது விரும்பி முட்டையிடும். புழு உள்ளே புகுந்துவிட்டால் மருந்து எட்டாது. செடியைப் பிடுங்கி எரிக்க வேண்டியதுதான். நல்ல நிழலில் இந்தத் தாக்குதல் குறைகிறது. உதிரும் இலை சரிவு நிலத்து மண்ணைப் பிடித்து வைக்கிறது. காபி விலை விழுந்த ஆண்டில் மரத்தில் ஏற்றிய மிளகு கைகொடுக்கிறது.

ஆனால் அத்தியும் பலாவும் ஈட்டியும் நின்ற பல இடங்களில் இன்று ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் வரிசைகட்டி நிற்கிறது. விறுவிறுவென வளரும், மிளகுக்கொடிக்குத் தோது, பிளைவுட் ஆலைக்கு விற்கலாம். அதன் சருகு மெதுவாகத்தான் மக்கும். பழந்தின்னிப் பறவைகளுக்கு அதில் ஒன்றுமில்லை. தோட்டக்காரரின் பேராசை என்று இதைத் தள்ளிவிடுவது எளிது. ஆனால் குடகின் பழைய நில உரிமை முறைப்படி பல தோட்டங்களில் நாட்டு மரங்கள் மீது அரசுக்குத்தான் உரிமை. வெட்டி விற்க அனுமதிக்கு அலைய வேண்டும். சில்வர் ஓக்கில் அந்தத் தொல்லை இல்லை. பலாவோ, யானையை வேறு கூப்பிடும். தனக்குச் சொந்தமாகாத மரத்தை ஒருவர் எதற்காகப் பேணுவார்? மரத்தைக் கட்டுப்படுத்தும் விதியே நாட்டு மரத்துக்கு எதிரியாகிவிட்டது என்பேன்.

ரொபஸ்டா என்ற காபி வகை இன்னொரு சிக்கல். இந்திய விளைச்சலில் ஏறத்தாழ 70 சதவீதம் அதுதான். வெயில் தாங்கும் என்பதால் கிளைகளைத் தாராளமாகக் கழிக்கிறார்கள். பூக்க வைக்கப் பல தோட்டங்களில் பிப்ரவரி, மார்ச்சில் நீர்த் தெளிப்பான் ஓடுகிறது; காவிரியின் ஓடைகள் இளைத்துக் கிடக்கும் மாதங்கள் அவை.

சான்றிதழ்கள் இந்த நிழல் இழப்பைச் சரிசெய்யுமா? ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் பறவைநேயச் சான்று பல இன மரங்களையும் இயற்கை வேளாண்மையையும் கேட்கிறது. கறாரான அளவுகோல்தான், ஆனால் 10 ஹெக்டேருக்கும் குறைவாக வைத்திருக்கும் சிறு விவசாயிகளே இங்கு மிகப் பெரும்பாலானோர். சான்று பெறும் செலவை அவர்கள் எங்கே தாங்குவது? ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த காடழிப்புச் சட்டம் பார்ப்பது வேறொன்றை: 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காட்டை அழித்து உண்டாக்கிய நிலமா என்பதை. காபித் தோட்டம் அதன் கணக்கில் விவசாய நிலம். ஆகவே அங்கிருந்த நாட்டு மரங்கள் அத்தனையையும் அனுமதி பெற்று வெட்டி சில்வர் ஓக் நட்டாலும், அந்தக் காபி கப்பலேறுவதை இச்சட்டம் தடுக்காது.