பெயர் மறைத்த வாள்

நான் ஜப்பானிய வாள் எதையும் கையில் பிடித்ததில்லை. படங்களிலும் புத்தகங்களிலும் பார்த்த பழக்கம்தான். ஆனாலும் வாள் ரசிகர்கள் கூடிச் செய்யும் 'கன்தேய்' பற்றிப் படித்ததிலிருந்து எனக்கு ஒரு பொறாமை. பிடியைக் கழற்றி, கொல்லன் பெயர் வெட்டியிருக்கும் அடிப்பகுதியை மறைத்துவிடுவார்கள். வளைவையும் எஃகின் ரேகையையும் மட்டும் பார்த்து எந்தக் காலம், எந்த மரபு, யார் அடித்தது என்று சொல்ல வேண்டும். கவிஞர் பேரை மறைச்சுட்டு ஒரு கவிதையைக் கொடுத்தா நம்மில் எத்தனை பேர் தேறுவோம்?

அவர்கள் நேரமெடுத்துப் பார்ப்பது ஹமோனை. வாளைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பதற்கு முன், முதுகில் கனமாகவும் வாயருகே மெல்லிசாகவும் களிமண் பூசுகிறார்கள். மெல்லிய பக்கம் சட்டென்று குளிர்ந்து கடினமாகிறது, முதுகு மெதுவாகக் குளிர்ந்து இளக்கமாக நிற்கிறது. இரண்டும் சந்திக்கிற எல்லையில் பனிமூட்டம் போல ஒரு வெண்மை. அதைக் கண்ணுக்குக் கொண்டுவருவது தீட்டுபவரின் கல். சிக்கலும் அங்கேதான். ஒவ்வொரு தீட்டலிலும் கொஞ்சம் எஃகு போய்விடும். அழகைப் பார்க்கத் தீட்டித் தீட்டியே தேய்ந்துபோன வாள்களைக் 'களைத்தவை' என்கிறார்கள்.

பிடிக்குள் ஒளிந்திருக்கும் அடிப்பகுதிக்கு நகாகோ என்று பெயர். அதன் துருவை யாரும் தொடக் கூடாது. அந்தக் கறுப்பை வைத்துத்தான் வயதைக் கணிக்கிறார்கள். ஆர்வத்தில் உப்புத்தாள் எடுத்துப் பளபளக்க வைத்தவர், ஒரு சாட்சியின் வாயை அடைத்துவிடுகிறார்.

1945க்குப் பிறகு எத்தனையோ வாள்கள் அமெரிக்கப் படையினரோடு கடல் கடந்தன. வால்டர் காம்ப்டன் என்ற அமெரிக்கச் சேகரிப்பாளர் வாங்கிய ஒரு குனிமுனே வாள், காகோஷிமாவின் தெருகுனி கோயிலுக்குச் சொந்தமானது என்று பின்னர் தெரியவந்தது. 1963ல் காசு வாங்காமல் திருப்பிக் கொடுத்தார். இன்று அது ஜப்பானின் தேசியப் பொக்கிஷம். சேகரிப்பு என்ற சொல்லுக்கு நான் மரியாதை தருவது இந்த மாதிரி ஆட்களால்தான்.

ஆனா ஒண்ணு உறுத்துது. எதோ காலத்தில் வாளின் கூர்மையைச் சோதிக்க, மரண தண்டனை பெற்றவர்களின் உடலை வெட்டிப் பார்த்தார்கள். 'இரண்டு உடல்' என்பது போன்ற முடிவை அதே நகாகோவில் பொறிப்பார்கள், பல வாள்களில் பொன் பதித்தே. இன்று அப்படியொரு பொறிப்பு இருந்தால் விலை ஏறுகிறது. விற்பனைக் குறிப்புகளில் அது ஒரு தரச்சான்றாக மட்டும் வந்துபோகிறது.

அதை அழிக்கச் சொல்லவில்லை, துரு போல அதுவும் இருக்கட்டும். ஹமோனுக்கு ஒரு பத்தி எழுதுகிறவர்கள் அந்த உடல்களுக்கு ஒரு வரியாவது எழுதலாம். கொல்லன் பெயர் அங்கே இருக்கிறது. சோதித்தவன் பெயரும் பொன்னில் இருக்கிறது. வெட்டுப்பட்டவர்களுக்கு எண்ணிக்கை மட்டும்தான்.