பிடித்த பத்து

1998-இல் அமெரிக்காவின் மாடர்ன் லைப்ரரி பதிப்பகம், இருபதாம் நூற்றாண்டின் சிறந்த நூறு ஆங்கில நாவல்கள் என்று ஒரு பட்டியல் போட்டது. ஆசிரியர் குழுவின் தேர்வில் முதலிடம் ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிஸிஸ்’. வாசகர்களிடமும் ஓட்டுக் கேட்டார்கள். முதலில் வந்தது அய்ன் ராண்டின் ‘அட்லஸ் ஷ்ரக்டு’. முதல் பத்தில் நான்கு அவருடையவை. மூன்று, சயன்டாலஜி இயக்கத்தைத் தொடங்கிய எல். ரான் ஹப்பர்டுடையவை.

வாசகர்களுக்கு ரசனை போதாது என்று இதை வைத்துத் தீர்ப்பு எழுதிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பத்தில் ஏழை இரண்டே பேர் பிடித்துக்கொண்டார்கள் என்றால் அங்கே ஓட்டுப் போட்டது வாசிப்பல்ல, விசுவாசம். குழுவின் பட்டியலும் அப்படியொன்றும் அப்பழுக்கற்றதல்ல. நூறில் ஒன்பதுதான் பெண்கள் எழுதியவை.

நம்மூரில் இதே கேள்வியைக் கேட்டால் விடை முன்பே தெரியும்: 1950-இல் கல்கி இதழில் தொடராக ஆரம்பித்த ‘பொன்னியின் செல்வன்’. அதில் தவறேதும் இல்லை. ஆனால் அந்தப் பெயரைச் சொல்கிறவரிடம் சற்றுப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரையில் வருகிற ஏரிக்கரை அப்படியே நினைவிருக்கும். ஐந்தாம் பாகத்துக் கதையைக் கேட்டால் தடுமாறுவார். அவர் சொல்வது ஒரு நாவலின் பெயரை மட்டுமல்ல. கோடை விடுமுறையை, பாட்டி பைண்டு செய்து வைத்திருந்த தொடர்ப் பக்கங்களை, முதன்முதலாகச் சாப்பாட்டை மறந்து படித்த வயதை. ‘பிடித்தது’ என்று கேட்டு வாங்கிய பதிலைச் ‘சிறந்தது’ என்று அச்சிடும்போதுதான் கோளாறு தொடங்குகிறது. ‘எல்லாக் காலத்துக்கும்’ என்ற அடைமொழியையும் சேர்த்துவிட்டால் இன்னொரு சங்கடம்: பிடித்ததை விட்டுவிட்டு, பிடித்திருந்தால் மதிப்பாக இருக்கும் என்று நினைப்பதைச் சொல்ல ஆரம்பிப்பார்கள். பாதியில் மூடி வைத்த தஸ்தயேவ்ஸ்கி அங்கே தலைகாட்டுவார்.

இவ்வளவு இருந்தும் இந்தப் பட்டியல் பழக்கம் ஒழிய வேண்டும் என்று சொல்ல மாட்டேன். பட்டியலின் தலையை விட்டுவிட்டு வாலைப் பாருங்கள், ஒரே ஒருவர் மட்டும் சொன்ன பெயர்களை. தாராசங்கர் பந்த்யோபாத்யாயின் ‘ஆரோக்கிய நிகேதனம்’ த.நா. குமாரஸ்வாமி மொழிபெயர்ப்பில் தமிழுக்கு வந்த வங்க நாவல். தமிழில் சுவரொட்டியோ சினிமாவோ அதைத் தூக்கிப் பிடிக்கவில்லை. படித்தவர் அடுத்தவரிடம் சொன்னதால்தான் அது பெரும்பாலும் கைமாறி வந்திருக்கிறது. நாடி பிடித்தே மரணத்தின் வருகையைச் சொல்லிவிடும் முதிய வைத்தியர் அதன் நாயகன். மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மாள், தனக்குப் பிடித்தவற்றில் அதுதான் முதல் புத்தகம் என்றார். “டாக்டர் சொல்றதுக்கு முன்னாடியே எங்களுக்குத் தெரிஞ்சிடும் சார். சொல்லத்தான் முடியாது” என்றார். அந்த நாவலைப் பற்றி நான் படித்த எந்த மதிப்புரையிலும் இது இல்லை. ஓட்டெடுப்பில் இதன் கதி என்ன? ஒரு ஓட்டு. அதாவது, ஒன்றுமில்லை. எண்ணிக்கை முதலில் தின்பது காரணத்தைத்தான்.

2002-இல் நார்வே புத்தகக் கழகம் கொஞ்சம் சூதானமாக நடந்துகொண்டது. 54 நாடுகளின் எழுத்தாளர்கள் நூறு பேரைக் கேட்டு நூறு நூல்களைத் தொகுத்தது. ‘டான் கிஹோத்தே’யைத் தவிர எதற்கும் இடவரிசை தரவில்லை. மகாபாரதமும் சாகுந்தலமும் அதில் உண்டு. வரிசைச் சண்டை ஒழிந்தது. யார் எதை ஏன் சொன்னார் என்பது மட்டும் அங்கும் பட்டியலில் ஏறவில்லை.

தமிழில் விமர்சகர் க.நா. சுப்ரமண்யம் வாழ்நாள் முழுக்கப் பட்டியல் போட்டார். கேலியும் வாங்கினார். தன் ரசனையைச் சொல்கிறாரே தவிர காரணங்களை விரித்துச் சொல்வதில்லை என்ற குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. ஆனால் அது அவர் பெயர் போட்ட பட்டியல். ‘பொன்னியின் செல்வன்’ எழுதிய கல்கியை இலக்கியமாக ஏற்காததற்கும் அவரே பொறுப்பு. அவரோடு மல்லுக்கட்ட நினைத்தவர்கள்கூட, அவர் சொன்ன நாவலைத் தேடிப் பிடித்து ஒருமுறை படிக்க வேண்டியிருந்தது.