கிணற்றடியில் தொடங்கவேண்டிய பாடம்

பாடவிதானச் சீர்திருத்தம் பற்றிய பேச்சு எமது நாட்டிற்குப் புதியதன்று. 1945 இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஏழை விவசாயியின் மகனும் கூலித் தொழிலாளியின் மகளும் இடைநிலைக் கல்வியின் வாசலை மிதித்தனர். அவர்களுக்கு எதைக் கற்பிப்பது என்ற வினா அதனோடு எழுந்தது. 1972 இல் ஒன்றிணைந்த விஞ்ஞானமும் சமூகக் கல்வியும் வகுப்பறைக்கு வந்தன. 1977 இன் ஆட்சி மாற்றம் அச்சீர்திருத்தத்தின் பெரும்பகுதியைப் பின்தள்ளியது. 2007 இல் ‘ஐந்து ஈ’ எனும் கற்பித்தல் முறை வந்தது. வரலாறு மீண்டும் தனிப்பாடமாயிற்று. 2025 இல் மேலுமொரு சீர்திருத்தம் அறிவிக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் புத்தகம் மாறியது, பாடத்தின் பெயர் மாறியது, நேரசூசியும் மாறியது. ஆனால், கற்பிக்கும் ஆசிரியர் எப்பொழுது, எங்கே, யாரோடு கற்கின்றார் என்ற வினாவுக்கு மாத்திரம் உரிய இடம் கிடைக்கவில்லை. நாம் ஈண்டு முன்வைக்கும் விமர்சனம் இதுவே.

நாமோ தமிழ் கற்பிக்கும் ஆசிரியர். விஞ்ஞானம் பற்றியும் சமூகக் கல்வி பற்றியும் பேச எமக்கென்ன உரிமை என்று சிலர் வினவக்கூடும். ஆசிரியர் பற்றாக்குறையால் ஈராண்டு காலம் வரலாறு கற்பித்தோம் என்பது ஒரு விடை. மற்றைய விடை மொழி சார்ந்தது. ‘பிரசாரணம்’ என்ற கலைச்சொல்லைத் தேர்தற் பிரசாரத்தோடு இணைத்து விளங்கிக்கொண்ட மாணவன் ஒருவன் எமது வகுப்பில் இருந்தான். கேட்டவர்கள் சிரித்தனர். உண்மையில் வெட்கப்படவேண்டியவர்கள் ஆசிரியர்களாகிய நாமே. உப்பிட்ட மாங்காய்த் துண்டு நீர் விட்டுச் சுருங்குவதை அவன் தன் வீட்டு அடுக்களையிலே கண்டிருக்கின்றான். அக்காட்சிக்கும் அச்சொல்லுக்கும் இடையே பாலம் அமைக்க ஒருவரும் முன்வரவில்லை. தமிழில் விஞ்ஞானம் கூறவியலாது என்பது இதன் பொருளன்று. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைப் பின்னாளில் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். குறை மொழியில் இல்லை. சொல்லை வாழ்விலிருந்து பிரித்து ஒப்புவிக்கச் செய்யும் முறையில் உள்ளது.

இம்முறை ஆசிரியரைப் பயிற்றும் இடத்திலேயே தொடங்குகின்றது. சில காலத்திற்கு முன் நாம் ஒரு செயலமர்விற் கலந்துகொண்டோம். பொருள், மாணவர் மையக் கல்வி. காலை ஒன்பது மணி தொடக்கம் பிற்பகல் இரண்டு மணிவரை ஒருவர் பேசினார். அறுபது பேர் கேட்டிருந்தோம். குழுச் செயற்பாட்டின் சிறப்பும் விரிவுரையாகவே சொல்லப்பட்டது! முதிய விஞ்ஞான ஆசிரியை ஒருவர் எழுந்து, “எங்கள் ஆய்வுகூடத்திலே தண்ணீர்க் குழாய் வேலை செய்வதில்லை, சேர். இந்தப் பரிசோதனையை நாங்கள் எப்படிச் செய்விப்பது?” என்று கேட்டார். “வழிகாட்டியிலே எல்லாம் இருக்கிறது, ரீச்சர்” என்பது கிடைத்த மறுமொழி. சோற்றுப் பார்சலோடும் கையொப்பத்தோடும் அன்றைய ‘தொழில்சார் விருத்தி’ நிறைவெய்திற்று.

விரிவுரையாளர்மீது பழி சுமத்துவது எமது நோக்கமன்று. அவரும் மேலிடத்திற் கேட்டதைக் கீழிடத்திற் கூற அனுப்பப்பட்டவரே. அறிவு மேலே ஆக்கப்பட்டுக் கீழே விநியோகிக்கப்படும் பண்டம் என்ற கருத்தே இங்கு விமர்சனத்துக்குரியது. குடத்திலிருந்து செம்புக்கும், செம்பிலிருந்து கிண்ணத்துக்கும் ஊற்றப்படும் நீர் இறுதியில் நாக்கை நனைக்கவும் போதுவதில்லை. ஆசிரியரை வெறும் காவியாகக் கருதும் அமைப்பு, மாணவரைச் சிந்திக்கும் மனிதராக ஆக்குமென எதிர்பார்ப்பது பேதைமை.

மாற்று வழி யாது? தொலைவிற் தேடவேண்டியதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மழைநீரைத் தன்னுள் தேக்கிவைக்கும் சுண்ணாம்புக் கற்பாறையே எமது ஆறு. அதற்கு நாம் திறந்துவைத்த வாசல்களே கிணறுகள். அப்பாறை வெடிப்பும் துளையும் நிறைந்தது. ஆதலின் மழைநீர் எளிதில் இறங்குவதுபோலவே, தோட்டத்துக்கிட்ட யூரியாவின் எச்சமும் மலக்குழியின் கசிவும் எளிதில் இறங்குகின்றன. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வாளர் பன்முறை காட்டியுள்ளனர். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. அதனை மிஞ்சிய நீரிற் கரைத்த புட்டிப்பாலைக் குடிக்கும் கைக்குழந்தையின் குருதி, ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஆற்றலை இழக்க நேரிடலாம். பாறை, கரைசல், உரம், குருதி ஆகிய நான்கும் பாடவிதானத்தில் வெவ்வேறு அலகுகள். கிணற்றடியில் அவை ஒரே பாடம்.

எனினும் விஞ்ஞானம் இவ்விடத்தில் தனித்து நிற்கவியலாது. இவ்வளவு உரம் ஏன் இடப்பட்டது? 1962 இல் அரசு உரமானியத்தைத் தொடங்கியது. 1970 இன் பின்னர் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலை கிடைத்தது. செம்மண் தோட்டங்கள் ஓய்வின்றி விளைந்தன. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் அவ்விலை சரிந்தது. 2021 இல் இரசாயன உர இறக்குமதி ஒரே உத்தரவில் நிறுத்தப்பட்டபோது உழவர் நிலை என்னவாயிற்று என்பதைக் கண்ணாரக் கண்டோம். இவை விவசாயியின் அறியாமையால் விளைந்தவையல்ல. சந்தையும் அரசும் எடுத்த முடிவுகளின் விளைவுகள். விஞ்ஞான ஆசிரியர் இதனைக் கூறாதுவிடின், மாணவன் தன் தந்தையையே குற்றவாளியாகக் காண்பான்.

வேறொரு வரலாறும் அக்கிணற்றடியில் உண்டு. தம் கையால் நீரள்ள அனுமதிக்கப்படாமல், பிறர் ஊற்றும்வரை குடத்தோடு காத்துநின்ற மக்களின் வரலாறு அது. சாதியின் பெயரால் சமூகக் குறைபாடுகளை விதிப்பது குற்றமென 1957 ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. சட்டம் போதாமையினாலேயே 1966 இல் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட்டது; 1968 இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் மூண்டது. நீரின் தூய்மை பற்றிக் கற்பித்துவிட்டு, ‘தீட்டு’ என்ற பொய்த் தூய்மை பற்றி வாய்திறவாத பாடம் அரைப் பாடமே.

கிணறு வடபகுதிக்கு உரியது. மலையகத்தில் அதே பணியைத் தேயிலைச் சரிவு செய்யும். அச்சரிவின் மண் மழையில் ஏன் கழுவுண்டு போகின்றது என்பது விஞ்ஞானம். அம்மண்ணில் உழைத்தோர் 1948 இன் சட்டத்தால் ஏன் குடியுரிமை பெறாதொழிந்தனர் என்பது சமூகக் கல்வி. ஒவ்வோர் ஊருக்கும் இத்தகைய ஒரு பாடம் உண்டு. கொழும்பிலோ மகரகமையிலோ இருந்து அதனை எழுதி அனுப்பவியலாது. அவ்வூரின் ஆசிரியர்களே ஆக்கவேண்டும்.

ஆகவே எமது கோரிக்கைகள் மூன்று. முதலாவது, விஞ்ஞான ஆசிரியரும் வரலாறு, புவியியல், குடியியல் ஆசிரியரும் அயற் பாடசாலைகளோடு சேர்ந்து இரு வாரத்துக்கு ஒரு முறை கூடுதல் வேண்டும். ஒரு பாடத்தைக் கூட்டாக ஆக்கி, ஒருவர் கற்பிக்க மற்றையோர் வகுப்பிலிருந்து அவதானித்து, பின்னர் அதனைத் திருத்துதல் வேண்டும். யப்பானிய ஆசிரியர் நெடுங்காலமாகப் பின்பற்றிவரும் முறை இது. இரண்டாவது, ஆசிரிய ஆலோசகர் குறிப்பேடு பார்க்கும் மேலாளராக வாராது, உடன் கற்பவராக வருதல் வேண்டும். மூன்றாவது, இதற்குரிய நேரம் நேரசூசியிலேயே ஒதுக்கப்படல் வேண்டும்.

பரீட்சை இதற்கு இடங்கொடாது என்பர் சிலர். சாதாரண தர விஞ்ஞானத்தை எழுத்துத் தாள்கள் மாத்திரமே அளக்கின்றன என்பது உண்மை. அதனை மாற்றவும் நாம் போராடவேண்டும். ஆயினும், காரணத்தை விளங்கிக்கொண்ட மாணவன் எழுத்துத் தாளிலும் தோற்பதில்லை. குறைந்த ஊதியத்தில் இப்பணி எவ்வாறு இயலும் என்போரின் வினா மிக நியாயமானது. 2021 இல் சம்பள முரண்பாட்டுக்கு எதிராக ஆசிரியர் மாதக்கணக்கிற் போராடினர். அடுத்த கோரிக்கைப் பட்டியலில் கற்பதற்கான நேரமும் ஓர் உரிமையாக இடம்பெறட்டும். ஊதியம் எமது வயிற்றுக்கு வேண்டும். அந்நேரம் எமது தொழிலின் மானத்துக்கு வேண்டும்.

இறுதியாக எம்மையே நோக்கி ஒரு வார்த்தை. மாலை வேளையில் தனியார் வகுப்பில் வினாவிடை ஒப்புவிக்கச் செய்துகொண்டு, பாடவிதானம் சரியில்லை என்று குறைகூறுவோர் எம்மிடையே பலர். நாமும் அக்குற்றத்திலிருந்து முற்றாக விடுபட்டவரல்லோம். சுற்றறிக்கை வரும்வரை காத்திருத்தல் தகாது. இரண்டு பாடசாலைகளின் நான்கு ஆசிரியர்கள் ஒரு சனிக்கிழமை மாலை, ஒரு கிணற்றுக் கட்டில் அமர்ந்து பேசத் தொடங்கினாற் போதும். அன்று தொடங்கும் சீர்திருத்தத்தை எந்த ஆட்சி மாற்றமும் எளிதிற் பின்தள்ளிவிட முடியாது.