படியுருக் கருவிகளும் பழைய கூட்டிசையும்

மறுமலர்ச்சிக் காலக் கூட்டிசையை அக்காலக் கருவிகளின் படியுருக்களைக் கொண்டு மீள நிகழ்த்தும் முயற்சி, ஆர்ணல்ட் டொல்மெற்ச் (1858–1940) போன்ற முன்னோடிகளால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் வேரூன்றியது. இம்முயற்சி மூலத்துக்கு உண்மையானது என்னும் உரிமைகோரலை எவ்வளவு தூரம் ஏற்கலாம் என்பதே இங்கு நமது வினா.

ஒலியைப் பொறுத்தவரை இவ்வுரிமைகோரல் வலுவற்றதன்று. வயோல் ஆறு நரம்புகள் கொண்டது. கழுத்தைச் சுற்றிக் குடல்நரம்பினாலேயே மெட்டுக்கள் கட்டப்படும். உள்ளங்கை மேல்நோக்க வில்லைப் பிடிப்பதால், வயலினுக்கு மாறாக, வில்லைத் தள்ளும் வீச்சே வலிமை பெறுகின்றது. ஜோன் தவேணரின் பூசை இசையொன்றிலிருந்து கிளைத்த ‘இன் நோமினே’ வகையில், ஒரு குரல் பழைய தேவாலயப் பண்ணை நெடிய சுரங்களாக நடத்திச் செல்ல, ஏனையவை அதனைச் சுற்றிப் பின்னுகின்றன. அந்த நடுக்குரல்களைத் தனித்தனியே கேட்க முடிவது இக்கருவிகளின் பேறாகும்.

ஆயினும் 16ஆம் நூற்றாண்டு ஆங்கில வயோல்களுள் எஞ்சியவை மிகச் சிலவே. எஞ்சிய பழைய வயோல்களிற் பலவும் பிற்காலத்தவர் கைபட்டு மாற்றமுற்றவை. ஆகவே படியுரு என்பதே கைவினைஞரின் ஒரு வியாக்கியானம் எனல் வேண்டும்.

இதனினும் முக்கியமானது சமூக உறவு. 1604இல் வெளிவந்த ஜோன் டௌலண்டின் ‘லக்ரிமே’ நூலை ஒரு மேசைமீது விரித்து வைத்தால், அதனைச் சூழ்ந்திருக்கும் ஐந்து வில்லிசைஞரும் லூட் வாசிப்பவரும் தத்தம் பகுதியைத் தத்தம் திசையிலிருந்தே வாசிக்கலாம். பக்கங்கள் அவ்வாறே அச்சிடப்பட்டன. அவர்கள் ஒருவரையொருவர் நோக்கியிருந்தனர், அவையோரை அன்று. 1676இல் தோமஸ் மேஸ் இரண்டிரண்டாக ஆறு வயோல்கள் கொண்ட பேழையை விதந்துரைத்தபோதும் இல்லத்து இசையே அவர் கருத்திலிருந்தது. (அவ்வில்லங்களின் ஓய்வு யாருடைய உழைப்பின்மேல் நின்றது என்பதை இசை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் கேட்பதில்லை.) இன்றைய குழுவோ கட்டணம் செலுத்திய அவையை நோக்கி அரைவட்டமாக அமர்கின்றது. மரமும் நரம்பும் படியெடுக்கப்பட்டன, உறவு படியெடுக்கப்படவில்லை.

இவ்வியக்கத்தின் சுவை உண்மையில் 20ஆம் நூற்றாண்டு நவீனத்துவத்தின் சுவையே என றிச்சட் ரறஸ்கின் வாதிட்டார். மேடை நிகழ்ச்சிகளுக்கும் இசைத்தட்டுக்களுக்கும் இது பெரிதும் பொருந்தும். ஆனால் 1948இல் பிரித்தானியாவில் நிறுவப்பெற்ற வயோலா த காம்பா சங்கம் போன்றவற்றின் வழி ஒன்றுகூடி, கேட்போர் எவருமின்றித் தமக்காகவே வாசிக்கும் ஆர்வலர்களை ரறஸ்கினின் வாதம் போதிய அளவு கணக்கிலெடுக்கவில்லை. அவர்களது வாசிப்பிலே பிழைகள் மலியலாம். எனினும் டௌலண்டின் மேசைக்கு அண்மையில் இருப்பவர்கள் அவர்களே.