மறுப்பிலும் மாண்பு

கருத்து வேறுபாடு தோன்றாத சமுதாயம் சிந்திக்கும் சமுதாயம் ஆகாது. ஆயின், வேறுபாடு வேறு, பகை வேறு. முன்னது கருத்தைப் பற்றியது. பின்னது ஆளைப் பற்றியது. முன்னது பின்னதாக மாறும் இடத்தைக் கண்டுகொள்ளாத கூட்டம் நாளடைவில் இரண்டாகப் பிளக்கும். ஒவ்வொரு பிரிவும் தன் குரலையே தான் கேட்டு மகிழும். எண்ணிக்கையில் சிறிய நம் மலேசியத் தமிழ்ச் சமுதாயத்திற்கு அத்தகைய பிளவு பெருங்கேடாகும். ஆதலின், மறுத்துரைக்கும் முறையை நம் முன்னோர் எவ்வாறு போற்றினர், எங்கே அதில் தவறினர் என்பதை ஆராய்வது ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பயன் தருவதாகும்.

பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரத்தில், நூலாசிரியன் மேற்கொள்ளத்தக்க மதங்கள் ஏழு எனக் கூறப்படுகின்றன. மதம் என்பது ஈண்டுக் கொள்கையைக் குறிக்கும். அவற்றுள் முதலில் நிற்பது உடன்படல். மறுத்தல் அதற்கு அடுத்தே வருகிறது. இவ்வரிசை எண்ணத்தக்கது. அதனினும் எண்ணத்தக்கது மூன்றாவதாகும். பிறருடைய கொள்கையை முதலில் தான் மேற்கொண்டு, பின்னர் அதனைக் களைதல் என்பது அதன் பொருள். ஒருவன் கருத்தைக் களைய விரும்புபவன் முதலில் அக்கருத்தினுள் புகுந்து நின்று பார்க்க வேண்டும். புகாமலே களைபவன் பயிர் எது, களை எது என்று அறியாமல் பிடுங்குபவனை ஒப்பான். இவ்விதியையே உரைகல்லாகக் கொண்டு இரு காப்பியங்களை உரைத்துப் பார்ப்போம்.

மணிமேகலையின் 27ஆம் காதையில், காப்பியத் தலைவி வஞ்சி நகரில் பல சமயவாதிகளை அணுகி அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அளவைவாதி முதல் பூதவாதி ஈறாக ஒவ்வொருவரும் தத்தம் கோட்பாட்டைத் தாமே எடுத்துரைக்கின்றனர். சாத்தனார் பௌத்தச் சார்புடையவர். எனினும், பிற சமயத்தார் வாயில் வலிவற்ற சொற்களை வைத்து எளிதில் வீழ்த்த அவர் முற்படவில்லை. மணிமேகலை பெரும்பாலும் கேட்பவளாகவே நிற்கிறாள். காட்சி ஒன்றையே அளவையாகக் கொள்ளும் பூதவாதியிடம் மட்டும், கருதலளவை இன்றி உன் தாய் தந்தையரை நீ எவ்வாறு அறிந்தாய் என்று வினவுகிறாள். அவன் சொன்ன கருத்தின் உள்ளிருந்தே எழுந்த வினா அது. எல்லாவற்றையும் கேட்ட பின்னரும் அவள் பௌத்த நெறியையே மேற்கொள்கிறாள். செவி கொடுப்பதால் கொள்கை குலைந்துவிடும் என்று அஞ்சுவோர் இதனை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

நீலகேசியின் போக்கு இதனின் வேறுபட்டது. ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றாகிய இச்சமண நூல், குண்டலகேசி என்னும் பௌத்தக் காப்பியத்திற்கு மறுப்பாக எழுந்தது. பத்துச் சருக்கங்களுள் முதலாவது நீங்கலாக மற்றவை யாவும் வாதச் சருக்கங்களே. எங்கும் நீலகேசியே வெல்கிறாள். எதிர்வாதியை எள்ளி நகையாடும் இடங்களும் உள. வாதத்தின் முடிவு முன்னரே தெரிந்துவிடுவதால், காப்பியச் சுவை குன்றுகிறது என்று கூறுவதில் தவறில்லை. ஆயினும், அந்நூலுக்கும் அதற்கு உரை கண்ட சமயதிவாகர வாமன முனிவருக்கும் நாம் ஒரு பெருங்கடன் பட்டிருக்கிறோம். குண்டலகேசி இன்று முழுமையாகக் கிடைக்கவில்லை. எஞ்சியவை ஏறத்தாழ 19 பாடல்களே. அதன் வாதங்களைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பகுதி, அதனை மறுத்த நூலின் வழியாகவும் அவ்வுரையின் வழியாகவும் கிடைத்ததே ஆகும். எதிரியின் சொல்லை எடுத்துக்காட்டி மறுத்ததனால், அச்சொல் மறுத்தவனிடத்திலேயே உயிர் பிழைத்தது. இகழ்ந்து ஒதுக்கியிருந்தால் அதுவும் அழிந்திருக்கும். மறுப்பாளன் எதிர்க்கருத்தின் காவலனாகவும் விளங்க முடியும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இப்பண்பு தளர்ந்த காலத்தில் நிகழ்ந்தது யாது? 1867ஆம் ஆண்டு, இராமலிங்க அடிகளாரின் பாடல்கள் அவர்தம் மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியாரால் திருவருட்பா என்னும் பெயரில், திருமுறை வகுப்புடன் வெளியிடப்பட்டன. அருட்பா, திருமுறை என்னும் பெயர்கள் முன்னோர் அருளிய திருப்பாடல்களுக்கே உரியவை என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் மறுத்தார். பெயர் பற்றிய இவ்வினா அறிஞர் அவையில் ஆராயத்தக்கதே. ஆனால், அருட்பா எனவும் மருட்பா எனவும் கட்சிகள் பிரிந்தன, கண்டன நூல்கள் பெருகின, வசை வளர்ந்தது. 1869இல் பூசல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. 1874இல் அடிகளார் மறைந்தார்; 1879இல் நாவலர் மறைந்தார்; பூசலோ அவ்விருவருக்குப் பின்னும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நீண்டது. இருவரும் சிவநெறியில் நின்றவர்கள். இருவரும் தமிழுக்குத் தொண்டு செய்தவர்கள். அவர்களைப் பிரித்ததைவிட இணைத்தது பெரிது. அப்பெரியதைக் காணக் கட்சிக் கண்ணுக்கு இயலவில்லை.

கற்றோரும் இவ்வாறு ஆவது ஏன்? உளநூலார் இதனை ஆராய்ந்துள்ளனர். 1979இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், மரண தண்டனையை ஆதரிக்கும் மாணவர்க்கும் எதிர்க்கும் மாணவர்க்கும் ஒரே சான்றுகளைக் கொடுத்தனர். அவற்றுள் ஒன்று ஆதரவானது, மற்றொன்று எதிரானது. இரு சாராரும் தம் கொள்கைக்கு இசைந்ததைச் செம்மையானது என்றும், இசையாததைக் குறையுடையது என்றும் கூறினர். படித்து முடித்தபின் தம் நிலையில் முன்னிலும் உறுதி பெற்றதாகவே உரைத்தனர். சான்று மிகுந்தால் பிளவு குறையும் என்னும் நம்பிக்கை இங்கே தளர்கிறது. 1984இல் வெளிவந்த தொடராய்வு மற்றோர் உண்மையைப் புலப்படுத்தியது. நடுநிலையோடு பாருங்கள் என்று அறிவுறுத்தியதால் பயன் விளையவில்லை. இதே ஆய்வு எதிரான முடிவைத் தந்திருந்தால் இதனை இவ்வாறே மதிப்பிட்டிருப்பீர்களா என்று எண்ணிப் பார்க்கச் செய்தபோது சார்பு குறைந்தது. பிறர் கொள்கையை முதலில் மேற்கொண்டு பார் என்னும் நன்னூல் நெறியும் இதனோடு ஒத்து நிற்பது வியத்தற்குரியது.

இதனை வகுப்பறைக்குக் கொண்டுவருதல் ஆசிரியரின் கடமை. நம் தமிழ்ப்பள்ளிகளில் சொற்போரும் பட்டிமன்றமும் ஆர்வத்தோடு நடைபெறுகின்றன. அவற்றில் மாணவர் நாவன்மை பெறுகின்றனர்; செவிவன்மை பெறுகின்றனரா என்பதே வினா. எதிரணியினர் பேசும்போது நம் மாணவர் பெரும்பாலும் அடுத்துத் தாம் சொல்லப்போவதையே மனத்துள் ஒத்திகை பார்க்கின்றனர். மூன்று பயிற்சிகளை மேற்கொள்ளலாம். மறுக்க எழுபவன், எதிரணியின் கருத்தைத் தன் சொற்களில் முதலில் கூறவேண்டும். எதிரணியினர் ஆம், அதுவே எம் கருத்து என்று ஒப்பிய பின்னரே மறுக்கவேண்டும். அடுத்து, அதே தலைப்பில் அணிகளை மாற்றி மறுமுறை பேசச் செய்யவேண்டும். மூன்றாவதாக, எதிரணியில் கண்ட வலிமையான கருத்து ஒன்றை ஒவ்வொருவரும் எழுதித் தரவேண்டும். அதற்கும் நடுவர் மதிப்பெண் அளிக்கவேண்டும்.

இஃது எல்லாக் கருத்தும் ஒன்றே என்று கூறுவதன்று. பொய்யைப் பொய் என்றும், தீமையைத் தீமை என்றும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் எதனைப் பொய் என்கிறோமோ அதனைச் சொன்னவர் சொன்னபடியே எடுத்துக்காட்டி மறுப்பதே வலிமை. திரித்துக் கூறி வெல்பவன், தானே செய்து வைத்த பொம்மையைத்தான் வெல்கிறான்.

மரபுக் கவிதையா, புதுக்கவிதையா என நம் நாட்டிலும் நெடிய வாதம் நிகழ்ந்தது. நாளை வேறொன்று எழும். எழட்டும். மணிமேகலையின் முதற்காதையில், புகார் நகரில் விழாவை அறிவிக்கும் முரசறைவோன், வாதம் செய்ய வல்லோரைப் பட்டிமண்டபம் ஏறுமாறு அழைக்கிறான். அதே அறிவிப்பில், பகைவரோடும் சினமும் கலகமும் கொள்ளாது விலகுமாறு வேண்டுகிறான். வாதிடவும் அழைப்பு, வெறுப்பைத் தவிர்க்கவும் வேண்டுகோள். இவ்விரண்டையும் ஒருசேரக் கற்பித்தால்தான் நம் பட்டிமன்றம் அப்பழைய பெயருக்குத் தகுதி உடையதாகும்.