சொரசொரப்புக்கு ஓர் எண்

உங்கள் புறங்கையை வெளிச்சத்தில் சற்றே சாய்த்துப் பாருங்கள். மெல்லிய கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடிச் சிறு சிறு முக்கோணங்களை அமைத்திருப்பது தெரியும். எக்சிமா எனப்படும் கரப்பானுக்கு ஆளாகும் வறண்ட தோலில் இந்த ஒழுங்கு குலைகிறது. செதில் எழும்புகிறது. நாட்பட்டால் தோல் தடித்துக் கோடுகள் ஆழமாகின்றன.

இம்மாற்றத்தை எண்ணால் சொல்ல முடியுமா? முடியும். தோலின் மீது சிலிக்கோன் பசையைத் தடவி அச்செடுப்பார்கள். அச்சின் மேடுபள்ளங்களை நுண்ணூசி கொண்டோ ஒளி கொண்டோ மைக்ரான் கணக்கில் அளப்பார்கள். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அச்சு இல்லாமலே, தோலின் மீது ஒளிக்கோடுகளைப் பாய்ச்சிக் கணிக்கும் கருவிகளும் இன்று உள்ளன. இவை நுட்பமானவை. ஆனால் நுட்பம் வேறு, பொருத்தம் வேறு.

பெரிதும் வழங்கும் அளவு உலோகப் பட்டறையிலிருந்து வந்தது. நடுக்கோட்டிலிருந்து மேடுபள்ளங்கள் விலகும் தூரத்தின் சராசரியே அது. உழுத வயலுக்கும் ஜல்லி கொட்டிய தரைக்கும் சராசரி ஒன்றாகவே வரலாம்! இருப்பவை ஒழுங்கான கோடுகளா, உதிரும் செதில்களா என்பதை அவ்வெண் சொல்லாது.

அடுத்த குறை இன்னும் பெரிது. களிம்பு தடவியதும் பள்ளங்கள் நிரம்பும், செதில்கள் படியும், எண் குறையும். தோல் குணமாகிவிட்டதா? கரப்பானில் பழுதாவது தோலின் தடுப்புச் சுவர். அச்சுவருக்கு வேண்டிய ஃபிலாக்ரின் என்னும் புரதத்தின் மரபணுக் குறைபாடு இந்நோய்க்கு வழிவகுக்கிறது என்பது 2006-இல் தெரியவந்தது. சுவர் பழுதானால் உடலின் நீர் தோல் வழியே கூடுதலாக ஆவியாகும். அதை அளக்கத் தனிக் கருவி உண்டு. அதைப் பாராமல் வழவழப்பை மட்டும் காட்டிக் குணம் என்பது, விரிசல் விட்ட சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு வீடு உறுதி என்பது போலாகும்.

மேலும், நோயாளியை வாட்டுவது அரிப்பும் உறக்கமின்மையும் அல்லவா? அவற்றை எந்த ஊசியும் தொடாது. 2004-இல் வெளியான ‘போயம்’ என்னும் வினாப்பட்டியல், கடந்த ஒரு வாரத்தில் எத்தனை நாள் அரித்தது, எத்தனை இரவு உறக்கம் கெட்டது என்பன போன்ற 7 கேள்விகளை நோயாளியிடமே கேட்கிறது.

சொரசொரப்பை அளப்பதே வீண் என்று சொல்லவில்லை. கறுத்த தோலில் சிவப்பு எளிதில் புலப்படாது. அங்கே மேற்பரப்பின் மாற்றம் நல்ல துணைச் சான்று. ஆனால் துணை ஒருபோதும் தலைமை ஆகாது. ஆகவே, “தோல் இத்தனை சதவீதம் மென்மையாயிற்று” என்று ஒரு விளம்பரம் சொன்னால் நீங்கள் கேளுங்கள்: தடவி எவ்வளவு நேரம் கழித்து அளந்தார்கள்? எதனோடு ஒப்பிட்டார்கள்? அரிப்பு குறைந்ததா?